ரயில் வேலியில் நீ வெட்டிய பொட்டு

காலையில் கடை திறக்க வந்தபோது வாசலுக்கு முன்னால் செம்மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் வலை கட்டியிருந்தது. இந்த முறை வாய்க்காலாம். போன முறை தண்ணீர்க் குழாய். அதற்கு முந்திய முறை வீதி அகலிப்பு. வெட்டுகிறவர்கள் மாறுகிறார்கள், வலை மட்டும் மாறுவதில்லை. வெயில் ஏறியதும் புதுப் பிளாஸ்டிக்கின் மணம் கிளம்பிக் கடைக்குள் வந்தது. கருவாடும் வறுத்த மிளகாயும் மணக்கிற இடத்தில் அது தனியாக நின்றது. எனக்கு உன் கடை வாசல் ஞாபகம் வந்தது. அந்த மணத்தை நான் முதலில் அறிந்தது இங்கே பருத்தித்துறையில் அல்ல, உன்னுடைய அந்தக் குளிர் நகரத்தில்.

காலைத் தேத்தண்ணீருக்கு முன்பே வலையில் ஒரு பொட்டு, ஆள் நுழைகிற திறப்பு, விழுந்துவிட்டது. வேறு யாருமில்லை, பவளமக்காதான். என் களஞ்சியத்தில் மிளகாய் வறுக்கிற, வடை தட்டுகிற பெண்களுக்கெல்லாம் அவர்தான் இன்னும் தலைவி. மீன் வெட்டும் கத்தியால் மேலிருந்து கீழாக ஓர் இழுப்பு. ஆள் குனியாமல் உள்ளே வரலாம்.

"என்னக்கா இது? கட்டினவங்களின்ரை வேர்வை இன்னும் காயேல்லை."

"அப்ப நான் சந்தியாலை சுத்திக்கொண்டு வரட்டோ? என்ரை முழங்காலுக்கு ஆர் பொறுப்பு, வாய்க்கால் வெட்டுறவரோ?"

"உங்களைப்போல ஒருத்தன் வெளிநாட்டிலை, ரயிலுக்குக் கட்டின வேலியிலையே பொட்டு வெட்டினவன்."

"ஆர்?"

உன் பெயரைச் சொன்னேன்.

"உவன் அங்கை போயும் உந்தப் பழக்கத்தை விடேல்லையோ?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "ரயிலைக் கண்டவனோ?" என்று கேட்டார்.

"இல்லையக்கா. காணேல்லை."

அவர் அடுப்படிக்குப் போய்விட்டார். அப்போதே உனக்கு எழுத வேண்டும் போலிருந்தது. கடையைப் பூட்டிவிட்டு இப்போதுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். போன கிழமை உன் மகள் துளசி கூப்பிட்டாள். கடையின் குத்தகை முடிகிறது. புதிதாக எழுதுவதா இல்லையா என்று கட்டிடச் சொந்தக்காரன் இந்தக் கிழமைக்குள் பதில் கேட்கிறானாம். "மாமா, அம்மாவைக் கேட்டால் அழுகிறா. நீங்கள் சொல்லுங்கோ. வைக்கவோ, பூட்டவோ?"

எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள். காணியை விற்கவோ, கிணற்றை இறைக்கவோ, மதில் கட்டவோ, பெரியம்மாவை எந்த ஆஸ்பத்திரியில் விடவோ. ஊரில் மிஞ்சி நிற்கிறவனுக்கு இதுவும் ஒரு தொழிலாகிவிட்டது. சம்பளம் இல்லாத தொழில். பதில் பிழைத்தால் பழி மட்டும் நம்முடையது. உன் கடை விஷயத்திலாவது யாராவது வேறு ஆளைக் கேட்கக்கூடாதா என்று இருந்தது. ஆனால் கேட்டவள் உன் மகள்.

உனக்குத் தெரியாத உன் கடை பற்றி நான் என்ன சொல்ல? ஆனாலும் ஒரு வியாபாரியின் கண்ணால் சொல்லிப் பார்க்கிறேன். உன் கடை ஓடியது சரக்கால் அல்ல, பஸ்ஸால். இரண்டு பஸ்கள் சந்திக்கும் முனை அது. வேலை முடிந்து ஒரு பஸ்ஸில் இறங்குகிறவர்கள் அடுத்த பஸ்ஸுக்கு உன் வாசலில்தான் நிற்க வேண்டும். குளிர். நிற்கிறவன் ஒரு கட்டத்தில் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவான். வந்தவன் வெறுங்கையோடு நிற்க வெட்கப்பட்டு ஒரு பாணோ, ஒரு பாக்கெட் மிளகாய்த்தூளோ வாங்குவான். பஸ் பிந்தப் பிந்த உனக்கு நல்லது. நான் அனுப்பிய ஒடியல் மாவும், பனங்கட்டியும், பருத்தித்துறை வடையும் அப்படி நின்றவர்களின் பையில்தான் போயின.

அந்தப் பஸ்ஸைத்தான் எடுக்கப் போகிறோம் என்று நகரம் அறிவித்தது. வீதியின் நடுவே தண்டவாளம் போட்டு மின்சாரத் தெரு ரயில் விடப் போகிறார்கள் என்று நீ தொலைபேசியில் சொன்னபோது உன் குரலில் ஒரு கலியாண வீட்டுக் களை.

"மச்சான், உன்ரை முதலாளியே அந்தப் பஸ்தான்" என்றேன். "அதைத் தூக்கினால் நீ வேலையில்லாதவன். இப்பவே வேறை இடம் பார்."

"நீ என்ன கதைக்கிறாய்? ரயிலடா. ரயில் வருகுது."

"ரயில் வரட்டும். அது வருமட்டும் வீதியைக் கிண்டுவாங்கள். கிண்டின வீதியிலை ஆர் வருவினம்?"

"வருவினம்" என்றாய். உன்னோடு கதைத்து வெல்ல முடியாது. சின்ன வயதிலிருந்தே முடிந்ததில்லை.

கிண்டத் தொடங்கி ஒரு வருடம் போன பிறகு, கோடையில் நான் அங்கே வந்து நின்றேனே, அப்போதுதான் அந்த வலையைக் கண்டேன். உன் வாசலுக்கும் வீதிக்கும் நடுவில் ஒரு கிடங்கு. கிடங்குக்கு இந்தக் கரையில் வலை, அந்தக் கரையில் சீமெந்துக் கட்டைகள். பஸ் தரிப்பிடத்தை வீதியின் மறுபக்கம், வெகு தூரம் தள்ளி வைத்திருந்தார்கள். நீ காலையில் எழும்பித் தகரப் பேணிகளைத் துடைப்பாய். மத்தியானம் திரும்பவும் துடைப்பாய். செம்மண் தூள். வாங்க ஆளில்லாத சரக்கை இவ்வளவு சுத்தமாக வைத்திருந்த ஒரு கடையை நான் பார்த்ததில்லை.

பக்கத்துக் கடைக்காரர்கள் மட்டைகளில் எழுதிப் பிடித்துக்கொண்டு வீதியில் நின்றார்கள். நட்ட ஈடு கேட்டார்கள். உன்னையும் கூப்பிட வந்தார்கள். நீ தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டாய். எனக்குப் பொறுக்கவில்லை.

"அவங்கள் கேக்கிறது நியாயம்தானே. நீயும் போய் நில்லன்."

அதற்கு நீ சொன்னதை இப்போதும் அதே குரலில் கேட்கிறேன்: "மச்சான், தண்டவாளத்தைக் கழட்டிப் பங்கர் கட்டின ஊரிலையிருந்து வந்தவன் நான். தண்டவாளம் போடுறவனோடை எப்பிடிச் சண்டை பிடிக்கிறது?"

உன் வளவுக்கும் எங்கள் வளவுக்கும் பொதுவாகக் குண்டுக்குப் பதுங்க ஒரு பங்கர் வெட்டினோமே, வேலிப் பொட்டடியில், அதன் மேலே குறுக்காகக் கிடந்தது கொடிகாமம் பக்கமிருந்து வந்த தண்டவாளத் துண்டு. இரண்டு வீட்டு ஆட்களும் அதற்குக் கீழேதான் இருந்தோம். ரயில் ஓடிய இரும்பு நம் தலைக்கு மேல் கிடந்தது, ரயில் இல்லை. வெளியே வந்து நீ அதைத் தட்டிப் பார்ப்பாய். "இதிலை எத்தினை பேர் கொழும்புக்குப் போயிருப்பினம்" என்பாய். எனக்கு அது வெறும் இரும்பு. உனக்கு அப்படியில்லை என்று எனக்கு விளங்கியது அந்தச் செம்மண் தூளுக்குள் நிற்கும்போதுதான்.

ஆனால் சண்டை பிடிக்க மாட்டேன் என்று சொன்னவன் அடுத்த நாள் காலை கையில் கத்தரிக்கோலோடு வலைக்கு முன்னால் நின்றாய்.

"என்ன செய்யப் போறாய்?"

"பொட்டு வெட்டப் போறன்."

"இது உன்ரை கொப்பற்றை வேலியில்லை. நகரத்தின்ரை வேலி. பிடிச்சு அடைப்பாங்கள்."

"ஊரடங்கு நேரம் நாங்கள் கடை நடத்தினது பொட்டாலைதானே? ஆர் அடைச்சது?"

ஊரடங்கு நாட்களில் நம் கடையின் முன் பலகைகள் பூட்டிக் கிடக்கும். ஆனால் சவர்க்காரம் கேட்டும் தேயிலை கேட்டும் ஆட்கள் வளவுக்கு வளவு பொட்டுகளால் நுழைந்து நம் பின்பக்கம் வந்து சேருவார்கள். வீதியில் ஒரு காகம் இருக்காது. நமக்கு வியாபாரம் நடக்கும். இருவரும் வியாபாரம் படித்தது அப்படித்தான். எனவே நீ வலையை வெட்டினாய். கிடங்கின் மேல் ஒரு பலகை போட்டாய். மத்தியானத்துக்குள் ஒரு சீனக் கிழவி பலகையில் நடந்து வந்து கொத்தமல்லி வாங்கிக்கொண்டு போனார். நீ என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். வென்றவனின் பார்வை.

வேலைத்தள மேலாளர் மனுவேல் வந்தார். போர்த்துக்கல்காரர். பெரிய உடம்பு, மஞ்சள் தொப்பி, முகமெல்லாம் தூள். பொட்டைக் காட்டி ஆங்கிலத்தில் சத்தம் போட்டார். நீ அதைக் காதில் வாங்காமல் உள்ளே திரும்பி, "பிள்ளை, அந்தக் கதிரையை எடுத்துக்கொண்டு வா" என்றாய். அவர் சத்தத்தை நிறுத்தினார். அவர்கள் பாஷையிலும் நாற்காலிக்கு ஏறக்குறைய அதே சொல்தானாம். துளசி கொண்டுவந்து வைத்த கதிரையில் அவர் இருந்தார். தேத்தண்ணீர் குடித்தார். என் பெட்டியிலிருந்த வடையைக் கடித்துவிட்டு உறைப்பில் கண் கலங்கினார், இன்னொன்றும் எடுத்தார். போகும்போது வலையைக் கட்டவில்லை. உன் பலகையை எடுத்துவிட்டு, கைபிடி வைத்த நல்ல பலகை ஒன்றைப் போடுவித்தார்.

"பார்த்தியோ?" என்றாய். "எங்கடை குருநகரிலை மனுவேல் எண்ட பெயரிலை எத்தினை பேர். இருக்கச் சொன்னால் இருக்கிறவனோடை கதைக்கலாம் மச்சான்."

இரண்டு கிழமைக்குள் பரிசோதகர் ஒருவர் வந்தார். அவருக்கும் கதிரை போட்டாய். அவர் இருக்கவில்லை. நின்றபடியே எழுதினார். யாராவது கிடங்கில் விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அன்று பின்னேரமே பொட்டை அடைத்து, வலைக்குப் பதிலாக இரும்புக் கம்பி வேலி போட்டார்கள். நீ பார்த்துக்கொண்டு நின்றாய். நான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அடுத்த நாள் விமானம்.

"இப்ப என்ன செய்யப் போறாய்?" என்று கேட்டேன்.

"பின்பக்கம் ஒரு கதவு இருக்கு" என்றாய்.

கடையின் பின்னால் ஒரு குறுகிய ஒழுங்கை. குப்பைத் தொட்டிகள் நிற்கிற இடம். அதற்கு அப்பால் உயரமான குடியிருப்புகள். களஞ்சிய அறைக் கதவை நீ கடைக் கதவாக்கினாய். மனுவேல் சரிவுப் பலகை அடித்துக் கொடுத்தாராம். குடியிருப்புச் சனம் அந்தக் கதவால் வரத் தொடங்கியது. வியாபாரம் என்று சொல்ல முடியாது, மூச்சு விட்டாய். அடுத்த வருடம் ரயில் ஓடும் என்றார்கள். அடுத்த வருடம் வந்ததும், அதற்கு அடுத்த வருடம் என்றார்கள். ஒவ்வொரு முறையும் நீ எனக்குப் பெட்டி எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வாய், நான் குறைத்து அனுப்புவேன். "ரயில் வந்தால் காணாது மச்சான்" என்பாய். "வந்த பிறகு கேள்" என்பேன்.

தண்டவாளம் முழுதும் போட்டு, வேலியெல்லாம் கழற்றி, வெறும் பெட்டிகளை ஓட்டிப் பரீட்சை பார்த்த காலத்தில் நீ கண்ணை மூடினாய். வெறும் ரயில் போவதைக் கண்டிருப்பாய். ஆள் ஏறிய ரயிலைக் காணவில்லை. துளசி சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை; கோபம்தான் வந்தது. இவ்வளவு காலம் தூளைத் துடைத்தவனுக்கு ஒரு தரம் ஏறி இறங்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று. சந்நிதிக் கோயிலில் உன் பெயரில் அன்னதானம் கொடுத்தேன். தொண்டைமானாற்றுக் காற்றில் வாழையிலைகள் பறந்தன. பவளமக்கா கல் வைத்து அமர்த்தினார். வேறு என்ன செய்ய?

இந்த மாரியில், அங்கே பனிக்காலத்தில், ரயில் ஓடத் தொடங்கியது. ஓடியதும் துளசி பின்கதவை மூடிவிட்டு, முன்பக்கத்தைப் புதுக்கிப் பெயர்ப்பலகைக்கு வெளிச்சம் போட்டாள். நானும் அதையேதான் செய்திருப்பேன். ரயில் வருகிற பக்கம்தானே முன்பக்கம். ஆனால் சனம் வரவில்லை. போன கிழமை அவள் வீடியோப் படம் பிடித்து அனுப்பியதைப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. பஸ் உன் வாசலில் நின்றது. ரயில் உன் வாசலைக் கடக்கிறது. அது நிற்கிற தரிப்பு அடுத்த முனையில். வெள்ளைப் பெட்டிகள் வழுக்கிக்கொண்டு போகின்றன. உள்ளே இருக்கிறவர்கள் கைத்தொலைபேசியைப் பார்க்கிறார்கள். உன் வெளிச்சப் பலகை யாருக்கும் கண்ணில் படவில்லை. அழகான ரயில்தான். நீ சொன்னது பொய்யில்லை.

"பிள்ளை, பூட்டு" என்றேன்.

"அப்பா இருந்தால், மாமா?"

"அப்பா இருந்தால் பூட்டமாட்டார். அதாலைதான் என்னட்டைக் கேக்கிறாய்."

அவள் சிரித்தாளா அழுதாளா தெரியாது. "ஓம் மாமா. வெள்ளிக்கிழமை சொல்லிவிடுறன்" என்று வைத்தாள். எனக்கும் ஒரு பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது. உனக்கு அனுப்பத் தனியாக ஒதுக்கும் மூலையை வெறுமையாக்கி அதில் உப்பு மூட்டை அடுக்கலாம் என்றுகூட நினைத்தேன். அவ்வளவு களைப்பு.

இன்று மத்தியானம் பவளமக்காவின் பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை சும்மா கிடந்தது. காலையில் அவர் ஒருவருக்காக வெட்டியது. மத்தியானம் ஊரே அதால் வந்தது. மீன் சந்தையிலிருந்து வருகிறவர்கள், மருந்துக் கடைக்குப் போகிறவர்கள், எனக்கு முகம் தெரியாதவர்கள். எல்லோரும் ஒரே இடத்தில் கால் வைத்ததில் புது மண்ணில் ஒரு தடம் விழுந்திருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவன், ஏதோ உறுத்தத் தொலைபேசியை எடுத்துத் துளசியின் படத்தைத் திரும்பவும் போட்டேன்.

ரயில் போகிறது. வெறும் நடைபாதை. பலகை. பிறகு கடைசியில், "பாருங்கோ மாமா, எவ்வளவு பனி" என்று அவள் கமராவைத் திருப்பிப் பின் ஒழுங்கையைக் காட்டுகிறாள். போன கிழமை அந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். பனியைப் பார்த்து நான் என்ன செய்ய? இன்று பார்த்தேன். முழங்கால் உயரப் பனியின் நடுவில் ஒரு பாதை, கறுத்து, இறுகி. ரயில் தரிப்புப் பக்கமிருந்து வாகனத் தரிப்பிடத்தைக் குறுக்கறுத்து ஒழுங்கைக்கு வந்து, உன் பழைய பின்கதவை உரசிக்கொண்டு குடியிருப்புகளுக்குப் போகிறது.

உங்கள் பக்கம் விடியுமட்டும் காத்திருந்து கூப்பிட்டேன்.

"பிள்ளை, அந்தப் பின்பக்கப் பாதை ஆர் போட்டது?"

"எந்தப் பாதை?" பிறகு விளங்கிற்று. "அது ஒருத்தரும் போடேல்லை மாமா. பெரிய வீதியாலை போனால் சுத்து. ரயிலாலை இறங்கிற சனம் முழுக்க அதாலைதான் வீட்டை போகுது."

"முழுக்கவோ?"

"ஓம். பின்னேரத்திலை எங்கடை குப்பைத் தொட்டியை இழுக்கேலாது, அவ்வளவு சனம்."

"எடியே, அதுதானடி உன்ரை முன்வாசல்."

அவள் பதில் சொல்ல முதலே நான் தொடர்ந்தேன்.

"பின்கதவைத் திற. முன்னுக்குப் போட்ட பலகையைக் கழட்டிப் பின்னாலை போடு. லைற்றும் அங்கைதான். சுடச்சுடத் தேத்தண்ணீரும் வடையும் கதவடியிலை வை. ஒரு வருசத்துக்கு மட்டும் எழுதித் தரச்சொல்லிக் கட்டிடக்காரனைக் கேள், கூட எழுதாதை."

"மாமா, போன கிழமை பூட்டச் சொன்னியள்."

"போன கிழமை நான் ரயிலைப் பாத்தனான்."

"அப்பாவும் கடைசி மட்டும் பின்கதவைப் பூட்ட விடேல்லை மாமா" என்றாள். "பழக்க தோசம் எண்டு நினைச்சன்." பிறகு, "கொஞ்சம் பொறுங்கோ" என்று தொலைபேசியை எங்கோ வைத்தாள். தாழ்ப்பாள் இழுபடுகிற சத்தம், குளிரில் இறுகிய கதவை யாரோ தோளால் தள்ளுகிற சத்தம், பிறகு ஒரேயடியாகக் காற்றும் ஆட்களின் காலடியும்.

ஓடுமா என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகச் சொல்கிறேன், தெரியாது. ஒரு பாதையை நம்பி ஒரு கடை. பனி உருகினால் சனம் வேறு பக்கம் நடக்கலாம். எனக்கும் இனிப் பெட்டி கட்டிக் கொழும்புக்கு ஏற்றி, கப்பலுக்குக் காத்திருக்கிற வயதில்லை. இருந்தாலும் நாளைக்கு மிளகாய் வறுக்கச் சொல்லியிருக்கிறேன். உப்பு மூட்டைக்கு வேறு மூலை பார்க்க வேண்டும். வீதி எங்கே போகிறது என்று பார்த்துத்தான் நான் இவ்வளவு காலமும் கடை வைத்தேன். கால் எங்கே போகிறது என்று பார்க்கிற பழக்கம் உன்னிடமிருந்து வந்தது போலிருக்கிறது. வந்ததை வைத்துக்கொள்கிறேன்.

இன்னுமொன்று. பொழுது சாயும் நேரம் வாய்க்கால் வேலையின் மேற்பார்வையாளர் வந்தார். இளம் ஆள். கையில் கட்டுக்கம்பி. பொட்டைப் பார்த்து முகம் சிவந்துபோய், "ஐயா, ஆர் இதை வெட்டினது?" என்று கேட்டார். பவளமக்கா மிளகாய்ச் சாக்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

நாளைக்குக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுவார்கள். கட்டட்டும். அதற்குப் பிறகு பின்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். நான் எழுந்து கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் வைத்தேன். பவளமக்கா யாரும் சொல்லாமலே வடைப் பேணியைத் திறந்தார்.

"இருங்கோ தம்பி" என்றேன்.

அவர் பொட்டைப் பார்த்தார். கதிரையைப் பார்த்தார். பிறகு கம்பியைக் கீழே வைத்துவிட்டு இருந்தார்.